கோல் போடாதவரைத் தேடிப் பிடிப்பது எப்படி

பழைய கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றித் தேட உட்காருகிறீர்கள். அவர் ஃபார்வர்டாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. யார் கோல் போட்டார்கள் என்று நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய பேப்பர்கூட எழுதி வைத்திருக்கும். பேக், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுப்பவர் என்றால் கதை வேறு. தொண்ணூறு நிமிடமும் அவர் ஒழுங்காக ஆடியிருந்தால் அவரைப் பற்றி எழுத நிருபருக்கு ஒன்றுமே இருக்காது. அணிப் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

நான் கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிஃப்ட் முடிந்தால் மதியம் முழுக்க என்னுடையது. பள்ளியிலும் அப்புறம் தெரு அணியிலும் பத்து வருடம் பேக் ஆடியவன் என்பதால், இந்த ஊரின் பழைய பேக்குகளைத் தேடிப் படிப்பது எனக்குப் பிடித்த காரியமாகிவிட்டது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: ஆண்ட்ரூ வாட்சன். 1881ல் ஸ்காட்லாந்து அணியின் கேப்டன். உலகத்திலேயே சர்வதேச கால்பந்து ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்று இன்று அறியப்படுகிறவர். அவரை ஏறக்குறைய நூறு வருடம் எல்லோரும் மறந்திருந்தார்கள். மறுபடியும் அவர் பெயர் வெளியே வந்த பிறகும், அவர் எங்கே எப்போது இறந்தார் என்று பல வருடம் தப்பாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். தேடும் வழியில் என்னென்ன தப்பு நடக்கும் என்பதைக் கற்க அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு தாள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, எதில் பார்த்தேன். ஐந்தாவது கட்டம்தான் முக்கியம்: 'இது இவர்தான் என்று எப்படித் தெரியும்?' பலரும் இந்தக் கட்டத்தை விட்டுவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் விட்டேன். வாட்சன் என்ற பெயர் ஸ்காட்லாந்தில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். 1878ல் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு ஒரு வாட்சன் ஆடியிருக்கிறார். அவர் கிளாஸ்கோ அணியான ரேஞ்சர்ஸின் ஜே. ஏ. கே. வாட்சன், முன்வரிசை ஆள். பேப்பரில் பெரும்பாலும் 'வாட்சன்' என்று மட்டும்தான் இருக்கும். இரண்டு பேரையும் ஒன்றாக்கி மூன்று வாரம் நான் எழுதிய குறிப்புகளைக் கடைசியில் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியைப் பென்சிலில்தான் எழுதுகிறேன். உறுதியானால் மட்டும் பேனா.

கால்பந்துக் கணக்கில் உறுதியானவற்றை முதலில் இறக்குங்கள். நாட்டு அணிக்கு ஆடியவர் என்றால் அது சுலபம். ஸ்காட்லாந்தின் எல்லா சர்வதேச ஆட்டங்களும், அணிப் பட்டியலோடு, இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. எடின்பரோ அணியான ஹார்ட்ஸின் ரசிகர்கள் நடத்தும் லண்டன் ஹார்ட்ஸ் தளம் எனக்குக் கைப்பழக்கம். வாட்சனுக்கு மூன்றே ஆட்டங்கள்.

1881 மார்ச் 12, சனிக்கிழமை, லண்டன் கென்னிங்டன் ஓவல்: ஸ்காட்லாந்து 6, இங்கிலாந்து 1. வாட்சன் கேப்டன், வயது 24. சொந்த மண்ணில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் இங்கிலாந்து இன்று வரை தோற்றதில்லை. ஒரு நாள் விட்டு மார்ச் 14, திங்கள்கிழமை, ரெக்ஸமில் வேல்ஸுக்கு எதிராக 5-1. அடுத்த வருடம் மார்ச் 11 அன்று கிளாஸ்கோவில் மறுபடியும் இங்கிலாந்து, மறுபடியும் 5-1. மூன்று ஆட்டம், அடித்தது 16 கோல், வாங்கியது 3. ஒரு பேக்கின் தகுதியைச் சொல்ல அந்த மூன்று போதும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த மூன்று தேதிகளும் கூடாரம் அடிக்கும் முளைகள் மாதிரி. மற்றதையெல்லாம் இவற்றில்தான் இழுத்துக் கட்டப் போகிறீர்கள்.

பட்டியலை வாசிக்கும் விதம்

இனிப் பழைய பேப்பர்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் தேடுவது இலவசம், பக்கத்தைத் திறந்து படிக்கப் பணம் கட்ட வேண்டும். முதலிலேயே சந்தா கட்டாதீர்கள். இலவசத் தேடலில் என்னென்ன பேப்பர், எந்தத் தேதி என்று பட்டியல் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் இறக்கிவிடுங்கள். கிளாஸ்கோவில் இருப்பவர்களுக்கு நார்த் தெருவில் மிட்செல் நூலகம் இருக்கிறது. நான் அங்கே மைக்ரோஃபிலிமில்தான் பார்த்துப் பழகினேன். சுருளைச் சுற்றிக்கொண்டே போகும்போது நாம் தேடாத பக்கங்களும் கண்ணில் படும். வானிலை, கப்பல் வரவு, அடகுக் கடை விளம்பரம். அந்தச் சனிக்கிழமை மழை பெய்ததா என்பதுகூட அதில்தான் தெரியும்.

சனிக்கிழமை ஆட்டம் என்றால் திங்கள் பேப்பரைப் பாருங்கள். கிளாஸ்கோ ஹெரால்டு மாதிரி நாளிதழ் ஒரு பக்கம். விளையாட்டுக்கென்றே வந்த வார இதழ்கள் இன்னொரு பக்கம்: மான்செஸ்டரில் அத்லெட்டிக் நியூஸ் 1875 முதல், கிளாஸ்கோவில் ஸ்காட்டிஷ் அத்லெட்டிக் ஜர்னல் 1882 முதல். ஆட்டம் நடந்த ஊரின் பேப்பர், வெளியூர் அணியின் பேப்பர் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். தோற்ற ஊர்க்காரன்தான் எதிரணி பேக்கைப் புகழ்வான். தன் ஆட்கள் ஏன் கோல் போடவில்லை என்று அவன் காரணம் சொல்லியாக வேண்டுமே.

அந்தக் காலத்தில் சட்டையில் எண் கிடையாது. லீக் ஆட்டத்தில் எண் போட்ட சட்டை வந்ததே 1928ல்தான். அதனால் பட்டியலின் வரிசைதான் நமக்கு வழிகாட்டி. முதலில் கோல்கீப்பர், அப்புறம் இரண்டு பேக், அப்புறம் நடுவில் ஆடும் இரண்டு ஹாஃப்-பேக், மிச்சம் ஆறு பேரும் முன்வரிசை. 1881 ஓவல் ஆட்டத்தின் பட்டியலை நான் இப்படித்தான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: கில்லெஸ்பி; வாட்சன், வாலன்ஸ்; கேம்ப்பெல், டேவிட்சன்; ஹில், மெக்வயர், கெர், லிண்ட்சே, மெக்நீல், ஸ்மித். ஆறு கோலில் ஜான் ஸ்மித் மூன்று, ஜார்ஜ் கெர் இரண்டு, டேவிட் ஹில் ஒன்று. ஆட்ட வர்ணனை முழுக்க இந்த மூன்று பேர்தான். வாட்சனைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்து பந்தைக் கொண்டுவரும் வரிகளுக்குப் போக வேண்டும். 'பந்தை மீட்டார்', 'திருப்பி அனுப்பினார்', 'உதைத்து வெளியேற்றினார்' என்ற வினைச்சொற்களைத் தேடிப் படியுங்கள். பேக்கின் வாழ்க்கை அந்த வினைச்சொற்களில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு வழி சொல்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. தேடல் பெட்டியில் 'வாட்சன்' என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். பாதி வழக்கறிஞர்கள், மீதி மாட்டு வியாபாரிகள். போதாததற்கு மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்து நடு எழுத்துகளை மாற்றி வைத்திருக்கும், அதனால் நமக்கு வேண்டிய வரி சிக்காமலே போகும். ஆகவே அவரைத் தேடாதீர்கள், அவர் ஜோடியைத் தேடுங்கள். பேக் எப்போதும் இரண்டு பேர். ஓவலில் அவர் ஜோடி ரேஞ்சர்ஸின் டாம் வாலன்ஸ். வாட்சன் ஆடிய கிளாஸ்கோ அணியான குயின்ஸ் பார்க்கில் ஆண்ட்ரூ ஹோம். 1882ல் வேல் ஆஃப் லீவன் அணியின் ஆண்ட்ரூ மெக்கின்டயர். வாலன்ஸ் என்ற பெயர் அபூர்வம். அதைப் போட்டு, கூடவே 'பேக்ஸ்' என்ற சொல்லையும் போட்டுத் தேடினால் பட்டியல் நேராகக் கையில் வந்துவிடும். பக்கத்திலேயே நம் ஆள் நிற்பார்.

பட்டியல் இரண்டு வகை என்பதையும் மறக்காதீர்கள். வெள்ளி, சனியில் வருவது 'ஆடப் போகிறவர்கள்'. திங்களில் வருவது 'ஆடியவர்கள்'. ரயிலைத் தவறவிட்டவர், வேலையில் லீவு கிடைக்காதவர் எல்லாம் முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் காணாமல் போவார்கள். அப்போது எல்லோரும் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்கள். ஸ்காட்லாந்தில் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுமதி வந்தது 1893ல். சனிக்கிழமைப் பட்டியலை வைத்து ஆட்ட எண்ணிக்கை போட்டால் கணக்கு வீங்கிவிடும்.

கோப்பை ஆட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு, ஆட்சேபம். தோற்ற அணி புகார் கொடுக்கும், சங்கம் ஏற்றுக்கொண்டால் ஆட்டம் ரத்து. 1881 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் குயின்ஸ் பார்க் டம்பார்ட்டனை 2-1 என்று வென்றது. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது என்று டம்பார்ட்டன் புகார் செய்ய, ஏப்ரல் 9 அன்று மறுபடி ஆடி 3-1 என்று வென்றார்கள். அடுத்த வருடமும் அதே இரண்டு அணி: முதலில் 2-2, மறு ஆட்டத்தில் 4-1. இந்த இரண்டு வருடத்தில் கோப்பை இரண்டு, ஆனால் இறுதி ஆட்டங்கள் நான்கு. பதக்கத்தை எண்ணி ஆட்டத்தைக் கணக்கிட்டவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். ஸ்காட்லாந்தில் 1890 வரை லீக்கும் கிடையாது என்பதால், அவருடைய ஆட்ட வாழ்க்கை என்பது கோப்பைகள், ஊருக்கு ஊர் ஆட்டங்கள், நட்பு ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. நட்பு ஆட்டம்தானே என்று ஒதுக்கினால் பாதி வாழ்க்கை போய்விடும்.

ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் வருடா வருடம் ஒரு சின்னப் புத்தகம் போட்டது. அதில் முக்கிய ஆட்டக்காரர்களைப் பற்றி இரண்டு மூன்று வரி இருக்கும். பேக்குகளுக்குக் கிடைக்கும் நேரடிச் சாட்சி அநேகமாக இது ஒன்றுதான். 1880-81 பருவத்துப் புத்தகம் வாட்சனைப் பற்றிச் சொல்வதன் சாரம்: நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பேக்குகளில் ஒருவர், குயின்ஸ் பார்க்கில் சேர்ந்த பிறகு வேகமாக முன்னேறியிருக்கிறார், ஓட்டம் அதிகம், டேக்கிள் அருமை, உதை பலமானது, தவறாது, எந்தப் பிரதிநிதி அணியிலும் இடம் பெறத் தகுந்தவர். நான் இதை முதன்முதலாகப் படித்தபோது அவர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டமும் உதையும் சேர்ந்த பேக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

மைதானத்துக்கு வெளியே

ஆட்டக் கணக்கு ஓரளவு சேர்ந்ததும் நிறுத்திவிட்டு ஆளின் வாழ்க்கைக்கு வாருங்கள். பிறப்பு, பள்ளி, கல்யாணம், வீடு, வேலை, இறப்பு. இவை தெரியாமல் ஆட்ட வாழ்க்கையின் இடைவெளிகள் புரியாது.

ஸ்காட்லாந்தில் இதற்கு ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசுத் தளம் இருக்கிறது. 1855ல் இருந்து பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகள், அதோடு குடிக்கணக்கு. ஒவ்வொரு பதிவின் படத்துக்கும் சின்னத் தொகை. ஸ்காட்லாந்துப் பதிவுகளின் பெரிய வசதி என்னவென்றால், கல்யாணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் அப்பா அம்மா இருவர் பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. கல்யாணப் பதிவில் 2021 வரை அப்பா பெயர் மட்டும்தான், இறப்புப் பதிவில் அதுவும் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தால் தேடல்கள் பிழைத்ததும் உண்டு, கெட்டதும் உண்டு. உங்கள் ஆள் ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு தடவை கல்யாணம் செய்திருந்தாலும் போதும், முதலில் அந்தப் பதிவைப் பிடித்துவிடுங்கள்.

வாட்சன் 1877 நவம்பரில் கிளாஸ்கோவில் ஜெஸ்ஸி நிம்மோ ஆர்மர் என்பவரைக் கல்யாணம் செய்தார். வாட்சன் பிறந்தது 1856 மே 24, பிரிட்டிஷ் கயானாவின் (இன்றைய கயானா) ஜார்ஜ்டவுனில். அப்பா பீட்டர் மில்லர் வாட்சன், ஸ்காட்லாந்துக்காரர், கரும்புத் தோட்டப் பணக்காரர். அம்மா ஹன்னா ரோஸ், அந்த ஊர்ப் பெண். கரும்புத் தோட்டம் என்றாலே அடிமை உழைப்பின் பணம். இந்த மனிதரைப் பற்றி எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். பையன் சின்ன வயதிலேயே இங்கிலாந்து வந்து ஹாலிஃபாக்ஸில் ஹீத் கிராமர் ஸ்கூலிலும், 1871ல் இருந்து லண்டன் கிங்ஸ் காலேஜ் ஸ்கூலிலும் படித்தார். 19 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்கைத் தத்துவம், கணிதம், பொறியியல். ஒரு வருடத்தில் விட்டுவிட்டார். கால்பந்தில் முதலில் மேக்ஸ்வெல் அணி, அப்புறம் 1876ல் பார்க்குரோவ். அங்கே ஆடியதோடு ஆட்டச் செயலாளர் வேலையும் அவரே பார்த்தார். 1880ல் குயின்ஸ் பார்க், அடுத்த வருடம் அங்கேயும் செயலாளர். பள்ளி, கல்லூரிச் சேர்க்கைப் பதிவேடுகளை அலட்சியம் செய்யாதீர்கள். பிறந்த ஊரும் அப்பா பெயரும் ஒரே வரியில் கிடைப்பது அங்கேதான்.

குடிக்கணக்கு பத்து வருடத்துக்கு ஒரு தடவை. அந்த இரவின் தேதியை உங்கள் ஆட்டத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1881 கணக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 3, ஞாயிறு இரவு. ரத்தான கோப்பை இறுதிக்கும் மறு ஆட்டத்துக்கும் நடுவில் வந்த ஞாயிறு அது. குடிக்கணக்கில் ஒரு வாட்சனைப் பிடித்தால் முதலில் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே டெமராராவோ (ஜார்ஜ்டவுன் இருக்கும் பகுதி) பிரிட்டிஷ் கயானாவோ இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடலாம். அபூர்வமான பிறப்பிடம் என்பது தேடுகிறவருக்குக் கிடைத்த வரம். லனார்க்‌ஷரில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சனைத் தேடியிருந்தால் நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருப்பேன்.

1882க்குப் பிறகு அவர் நாட்டு அணியில் இல்லை. பட்டியலை மட்டும் பார்க்கிறவர் 'ஆட்டம் போய்விட்டது போல' என்று எழுதிவிடுவார். உண்மைக் காரணம் அவர் வேலைக்காக லண்டனுக்குக் குடிபோனது. ஸ்காட்லாந்தில் இருந்து ஆடுகிறவர்களை மட்டும்தான் சங்கம் அப்போது எடுத்தது. இங்கிலாந்தில் ஆடும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு 1896 வரை கதவு சாத்தித்தான் இருந்தது. ஆகவே ஒரு பேக் பட்டியலில் இருந்து மறைந்தால், முதலில் அவர் வீடு மாறினாரா என்று பாருங்கள். காயம், வயசு, சண்டை எல்லாம் அப்புறம்.

லண்டனில் அவர் ஸ்விஃப்ட்ஸ் அணிக்கு ஆடினார், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அப்புறம் கொரிந்தியன் அணி. 1884ல் கோப்பையைக் கையில் வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை கொரிந்தியன் 8-1 என்று அடித்த ஆட்டத்திலும் அவர் பின்வரிசையில் இருந்தார். அதே சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது? லண்டன் போன 1882லேயே ஜெஸ்ஸி இறந்துவிட்டார். குழந்தைகள் இருவரும் கிளாஸ்கோவில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள். அவர் ஏன் கிளாஸ்கோவுக்கும் லண்டனுக்குமாக அலைந்தார், ஏன் மறுபடியும் குயின்ஸ் பார்க் பட்டியலில் தலைகாட்டினார் என்பதை யோசிக்கும்போது நான் இந்த விஷயத்தை நினைக்காமல் இருந்ததில்லை. கோப்பையும் இறப்புப் பதிவும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக இருந்தால்தான் இப்படி யோசிக்கவே தோன்றும்.

1887ல் எலைசா கேட் டைலரை மறுமணம் செய்துகொண்டு லிவர்பூல் பக்கம் போனார், பூட்டில் அணிக்கு ஆடினார். பூட்டில் சில ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்த அணி என்பதால், இவர்தான் முதல் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அந்த வரியைப் பென்சிலிலேயே விட்டிருக்கிறேன். அணியில் சிலருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதில் இருந்து இவருக்கும் கொடுத்தார்கள் என்று தாவக் கூடாது. 'முதல்' என்ற சொல்லை எழுதும் முன் இரண்டு நாள் காத்திருங்கள். கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன்தான் முதல் என்று ரொம்ப காலம் சொன்னார்கள், வாட்சன் வெளியே வந்ததும் அது மாறியது. பார்க்குரோவில் வாட்சனோடு ராபர்ட் வாக்கர் என்ற இன்னொரு கறுப்பின ஆட்டக்காரரும் இருந்தார் என்பது இப்போது தெரிகிறது. இன்னும் எத்தனை பேர் பட்டியல்களில் ஒரு எழுத்தும் ஒரு குடும்பப் பெயருமாக நிற்கிறார்களோ.

கடல், அப்புறம் கியூ

ஆட்டம் முடிந்ததும் பழைய ஆட்டக்காரர்கள் தொலைந்து போவது வழக்கம். வாட்சன் கப்பல் பொறியாளர் ஆனார். கப்பல்காரரைத் தேடுவது தனிக் கலை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் பணியாளர் பட்டியல்கள் பெரும்பகுதி பிரிட்டனிலேயே இல்லை. 1863க்குப் பிந்தியவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு கனடாவில், நியூஃபவுண்ட்லாண்ட் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஐந்தில் முடியும் வருடங்களுக்கானவை பெரும்பாலும் கிரீனிச்சில். கேட்டு எழுதும்போது கப்பலின் பெயர் மட்டும் போதாது, அதன் பதிவு எண் வேண்டும். ஒரே பெயரில் பத்துக் கப்பல் இருக்கும்.

இறப்புக்கு வருவோம். வாட்சன் 1902ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இறந்தார் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மூன்றாமவர். பத்து இடத்தில் இருப்பதால் அது பத்து சாட்சி ஆகிவிடாது, எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆண்டி மிட்செல், லூ வாக்கர் போன்ற ஆராய்ச்சியாளர்கள் பதிவுகளை மறுபடி முதலில் இருந்து பார்த்த பிறகுதான் உண்மை வந்தது. அவர் ஓய்வு பெற்று லண்டனில் குடியிருந்தார். 1921 மார்ச் 8 அன்று அங்கே கியூ என்ற பகுதியில் நிமோனியாவில் இறந்தார். ரிச்மண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். சிட்னிக்கும் கியூவுக்கும் நடுவே 19 வருடம். ஒரு மனிதரின் வாழ்க்கையில் 19 வருடத்தை நாம் கைமறதியாக அழித்துவிட்டிருந்தோம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நீங்கள் இதைச் சோதிக்க வேண்டுமானால் வழி இதுதான். இங்கிலாந்துப் பொதுப் பதிவு அலுவலகத்தின் இறப்பு அட்டவணையை இலவசமாகத் தேடலாம், அதில் வயது இருக்கும். 1856 மே மாதம் பிறந்தவருக்கு 1921 மார்ச்சில் வயது 64. அந்த வயதுள்ளவர்களை மட்டும் வட்டமிடுங்கள். அப்புறம் 1911 குடிக்கணக்கில் வீட்டு முகவரியும் மனைவி பெயரும், அப்புறம் உயில் அட்டவணை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் பேனா எடுக்கலாம். 1921 குடிக்கணக்கில் அவரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது ஏப்ரலில் நடக்க வேண்டியது, வேலைநிறுத்தத்தால் ஜூனுக்குப் போனது. இரண்டு தேதிக்கும் முன்பே அவர் போய்விட்டார்.

பிற்காலத்து ஆட்டக்காரரைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை மட்டும். ஸ்காட்லாந்தில் 'ஜூனியர்' கால்பந்து என்றால் சிறுவர் ஆட்டம் கிடையாது. அது தனிச் சங்கம் உள்ள பெரியவர்கள் ஆட்டம். உங்கள் பேக் 27 வயதில் ஜூனியர் அணிக்குப் போனார் என்று படித்தால் குழம்ப வேண்டாம். இன்னொன்று, அணிப் பட்டியலில் 'நியூமன்' என்று ஒருவர் வாரா வாரம் வெவ்வேறு அணிக்கு ஆடுவார். அப்படி ஓர் ஆள் கிடையாது. சோதனைக்கு வந்த ஆட்டக்காரரின் பெயரை மறைக்க வைத்த புனைபெயர் அது. உங்கள் ஆளின் முதல் ஆட்டம் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கலாம். அடுத்த வாரப் பேப்பரில் 'போன வாரத்து நியூமன் இன்னார்' என்று சில சமயம் அவிழ்த்துவிடுவார்கள்.

போய் நின்று பார்ப்பது

கடைசி வேலை இது. இதைச் செய்யாமல் நான் எதையும் முடித்ததாக எண்ணுவதில்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம் முழுக்க இலவசம். பழைய வரைபடத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் விரலை நகர்த்தினால் இன்னொன்றும் நகரும். ஆட்டம் நடந்த மைதானத்தின் பெயரைப் பேப்பரில் எடுத்து, இதில் தேடுங்கள். ஆனால் பெயரை நம்பிவிடாதீர்கள். இன்றைய ஹாம்ப்டன் பார்க் 1903ல் திறந்தது, அது மூன்றாவது. இரண்டாவது 1884ல் வந்தது. 1882ல் வாட்சன் ஆடிய ஹாம்ப்டன் முதலாவது. ரயில் பாதைக்காக அந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அது சரியாக எங்கே இருந்தது என்ற கேள்விக்கு விடை தந்ததும் அந்த ரயில்வேக்காக வரைந்த பழைய அளவைப் படம்தான். ஆட்டத்தை எழுதியவர்கள் குறிக்காததை ரயில்வே சர்வேயர் குறித்து வைத்திருந்தார்.

கிராஸ்ஹில் பக்கம் கிங்ஸ்லி அவென்யூவில் இப்போது அங்கே ஹாம்ப்டன் பவுலிங் கிளப் (புல்தரையில் பந்து உருட்டி ஆடும் கிளப்) இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நான் அங்கே இறங்கி நின்றிருக்கிறேன். கிளப் சுவரில் அந்த 5-1 ஆட்டத்தை நினைத்து வரைந்த பெரிய ஓவியம், அதில் வாட்சனும் இருக்கிறார். ஒட்ட வெட்டிய புல். வீடுகளின் பின்புறச் சுவர்கள். நோட்டைத் திறந்து மார்ச் 11 வரியைப் பார்த்தேன். தேதி, இடம், என்ன நடந்தது, எதில் பார்த்தேன், எல்லாம் பேனாவில். ஐந்தாவது கட்டத்தில் 'பேக்ஸ்: வாட்சன், மெக்கின்டயர்' என்று எழுதியிருந்தேன். அதன் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. கோல் கம்பம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று அங்கேயே நின்று ஒரு சின்னப் படம் போட்டுக்கொண்டேன், பென்சிலில்.